ஒரு ரோன்னா ஒரு ஆள்: சர்வே பதில்களை ஏத்துறப்போ யார் காணாமப் போறாங்க?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்சவரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

 

இன்னைக்கு டாபிக் கேட்டதும் "இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா?"ன்னு தோணும். கூகுள் ஃபார்ம்ல வந்த பதில்களை, ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துற மென்பொருளுக்குள்ள எப்படி ஏத்துறது. அவ்வளவுதான் விஷயம். எம்.எஸ்.டபிள்யூ., ஜர்னலிசம், எம்.பி.ஏ., பி.எச்.டி. பண்றவங்க, கம்பெனியில யூசர் ரிசர்ச் பண்றவங்க எல்லாருக்கும் இது ஒரு நாள் தலைவலியா வரும். மத்தவங்களும் இருங்க. இது எக்செல் டுட்டோரியல் இல்ல. ஒரு ஃபைலை ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்கு மாத்துற அந்த ரெண்டு நிமிஷத்துல, யாரோட குரல் உள்ள போகுது, யாரோட குரல் வெளிய நிக்குதுங்கிறதுதான் கதை.

முதல்ல, அது என்ன மென்பொருள்?

நம்பரை எக்செல்ல போட்டு சராசரி எடுக்கலாம். ஆனா "மழை நாள்ல வேலை எப்படி இருக்கும்?"னு கேட்டு ஒருத்தர் பத்து வரி எழுதினா, அதுக்கு ஏது சராசரி? அந்த மாதிரி எழுத்தை உட்கார்ந்து படிச்சு, "பயம்", "பணம்", "ஆப் மேல கோபம்"னு லேபிள் ஒட்டணும். அந்தக் காலத்துல பிரின்ட் எடுத்து, ஹைலைட்டர் அடிச்சு, கத்திரிக்கோலால வெட்டி, கவர் கவரா பிரிச்சு வைப்பாங்க. இப்போ அதையே கம்ப்யூட்டர்ல செய்ய என்விவோ, மேக்ஸ்கியூடிஏ, அட்லஸ் டிஐ மாதிரி மென்பொருள்கள் இருக்கு. காசு குடுக்க முடியாதவங்களுக்கு குவால்கோடர்னு ஒண்ணு, ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ்.

இவங்க அந்த லேபிளைத்தான் "கோட்"னு சொல்றாங்க. "நேத்து ராத்திரி முழுக்க கோடிங் பண்ணேன்"னு என் ஃப்ரெண்ட் சொன்னப்போ, எந்த லாங்குவேஜ்ல பண்ணீங்கன்னு கேட்டேன். "தமிழ்ல"ன்னாங்க. ரெண்டு பேரும் வேற வேற உலகம்.

அந்த ஃபார்ம்

அந்த ஃப்ரெண்ட் சோஷியல் வொர்க் படிக்கிறாங்க. சென்னையில சாப்பாடு டெலிவரி பண்ற அண்ணன்மார்களோட வேலை நிலைமை பத்தி டிசர்ட்டேஷன். கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்அப் குரூப்கள்ல அனுப்பி பதில் வாங்கினாங்க. வயசு, எத்தனை வருஷமா ஓட்டுறீங்க, நாளுக்கு எத்தனை மணி நேரம், வண்டி சொந்தமா வாடகையான்னு டிக் அடிக்கிற கேள்விகள் கொஞ்சம். "மழை நாள்ல வேலை எப்படி?", "ஆப் நடத்துறவங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லலாம்னா என்ன சொல்வீங்க?"ன்னு எழுதிப் பதில் சொல்ற கேள்விகள் கொஞ்சம்.

பதில் வந்தது. சி.எஸ்.வி. ஃபைலா டவுன்லோட் பண்ணி அவங்க கைடுக்கு அனுப்பினாங்க. அவர் எக்செல்ல டபுள் கிளிக் பண்ணித் திறந்தார். இங்கிலீஷ்ல எழுதினவங்க பதில் சுத்தமா இருந்தது. தமிழ்ல எழுதினவங்க பதில் முழுக்க குப்பை. தலையில ஒரு கோடு போட்ட இங்கிலீஷ் 'ஏ', வட்டத்துக்குள்ள 'ஆர்', நடுநடுவுல ஏதேதோ குறி, வரி வரியா அதேதான். அவர் சொன்னது: "இதெல்லாம் கரப்ட் ஆயிடுச்சும்மா. விட்டுடு. இங்கிலீஷ் பதிலே போதுமான அளவு இருக்கு."

இங்கதான் நான் உள்ள வந்தேன். ஏன்னா அந்தப் பதில்கள் எதுவும் கரப்ட் ஆகலை.

மழைக்கு எத்தனை எழுத்து?

கொஞ்சம் டெக்னிக்கலா போறேன், ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க. "மழை"ன்னு எழுதினா நம்ம கண்ணுக்கு ரெண்டு எழுத்து. யூனிகோட் கணக்குல மூணு: ம, ழ, அப்புறம் அந்த ஐகாரக் குறி. யூ.டி.எஃப்.-8 முறையில சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும். மொத்தம் 9 பைட். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரே ஒரு பைட் போதும்.

சி.எஸ்.வி. ஒரு வெறும் டெக்ஸ்ட் ஃபைல். "நான் யூ.டி.எஃப்.-8"ன்னு அது நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வராது. எக்செல் டபுள் கிளிக்ல திறக்கும்போது, அந்த அடையாளம் இல்லைன்னா, பழைய மேற்கத்திய விண்டோஸ் முறைன்னு நினைச்சு ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்துன்னு படிச்சுடும். அதனால "மழை" 9 குப்பை எழுத்தா தெரியும். தமிழ்க் குறிகள் எல்லாத்துக்கும் முதல் பைட் ஒண்ணேதான். அதான் அந்தக் கோடு போட்ட 'ஏ' திரும்பத் திரும்ப வருது. அடுத்த தடவை அந்த 'ஏ'வை வரிசையா பார்த்தா பயப்படாதீங்க. உள்ள தமிழ் பத்திரமா இருக்குன்னு அர்த்தம்.

இங்கிலீஷ் ஏன் தப்பிச்சது? ரெண்டு முறையிலயும் அந்த எழுத்துகளுக்கு ஒரே பைட்தான். அதனால அதே பிரச்னை இங்கிலீஷ்காரங்களுக்குக் கண்ணுலயே படாது.

வழி என்ன? சுலபமானது: கூகுள் ஷீட்ல போய் சி.எஸ்.வி.க்குப் பதிலா எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். ஃபைலா டவுன்லோட் பண்ணுங்க. சி.எஸ்.வி.தான் கையில இருக்குன்னா டபுள் கிளிக் வேண்டாம். எக்செல்ல 'டேட்டா' மெனுவுல போய், டெக்ஸ்ட் ஃபைல்லருந்து எடுக்கச் சொல்லி, என்கோடிங் கேக்குற இடத்துல 65001 யூ.டி.எஃப்.-8ஐத் தேர்ந்தெடுங்க. முக்கியமா, குப்பையா தெரியும்போது சேவ் மட்டும் பண்ணிடாதீங்க. பண்ணிட்டா குப்பையே நிஜமாயிடும்.

தமிழ் திரும்பி வந்ததும் படிச்சோம். இங்கிலீஷ்ல எழுதினவங்க பெரும்பாலும் காலேஜ் படிச்சுக்கிட்டே பார்ட் டைமா ஓட்டுற பசங்க. சின்னப் பதில், மரியாதையான பதில். மேப் தப்பா காட்டுது, ரேட்டிங் அநியாயம், இந்த மாதிரி. தமிழ்ல எழுதினவங்க முழு நேரமா ஓட்டுறவங்க, குடும்பத்துக்கு இதுதான் வருமானம். ஒரு அண்ணா எழுதியிருந்ததோட சாரம் சொல்றேன், வார்த்தைகளை மாத்தியிருக்கேன்: மழையில போன் நனைஞ்சு செத்துப்போச்சு, போன் இல்லைன்னா ஆர்டர் இல்ல, புது போன் வாங்க கடன், அந்தக் கடனை அடைக்க மறுபடி மழையில.

"இங்கிலீஷ் பதிலே போதும்"னு விட்டிருந்தா, அந்த டிசர்ட்டேஷன் "ரைடர்களோட முக்கியப் பிரச்னை மேப்பும் ரேட்டிங்கும்"னு முடிஞ்சிருக்கும். அதுல ஒரு வரி கூட பொய் இருக்காது. ஆனா அந்த அண்ணா அதுல இருக்க மாட்டார்.

பெரிய இடத்துலயும் நடக்கும்

இது ஏதோ காலேஜ் பிராஜெக்ட் பிரச்னைன்னு நினைக்காதீங்க. 2020 கொரோனா சமயத்துல இங்கிலாந்துல என்ன நடந்ததுன்னு பாருங்க. லேப்கள்லருந்து வந்த டெஸ்ட் ரிசல்ட் ஃபைல்களை பொது சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்.எல்.எஸ். ஃபார்மேட்ல ஏத்திக்கிட்டு இருந்தது. அந்த ஃபார்மேட்ல ஒரு ஷீட்டுக்கு 65,536 ரோதான் இடம். அதுக்கு மேல வந்தது உள்ள ஏறவே இல்ல. செப்டம்பர் 25லருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பாசிட்டிவ் கேஸ் தினசரி கணக்குல விட்டுப்போச்சு. அவங்களுக்கு ரிசல்ட் போய்ச் சேர்ந்தது. ஆனா அவங்க யார் யாரோட பழகினாங்கன்னு தேடிப் போறவங்களுக்குத் தகவல் தாமதமாத்தான் போச்சு. ஒரு ரோன்னா ஒரு ஆளு, அவரைச் சுத்தி ஒரு வீடு, ஒரு ஆபீஸ்.

அதனால என்னோட முதல் விதி: எண்ணுங்க. ஃபார்ம்ல எத்தனை பதில்னு காட்டுது, ஷீட்ல எத்தனை ரோ, மென்பொருளுக்குள்ள எத்தனை ஆள். மூணும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா அங்கயே நில்லுங்க.

ஆளையும் பேச்சையும் பிரிக்காதீங்க

இப்போ மென்பொருளுக்குள்ள ஏத்துற வேலை. நிறைய பேர் செய்றது என்ன? ஏழாவது கேள்வியோட பதில் எல்லாத்தையும் காப்பி பண்ணி ஒரு வேர்ட் ஃபைல்ல ஒட்டி, அதை ஏத்திடுவாங்க. படிக்க வசதிதான். ஆனா யார் சொன்னதுங்கிறது போயிடுச்சு. ஐம்பது பேர் பேசுற ரூம்ல கண்ணை மூடிக்கிட்டு நிக்கிற மாதிரி.

சரியான வழி, சர்வேக்குன்னே இருக்கிற இம்போர்ட் வசதி. மேல சொன்ன மென்பொருள்கள்ல இது இருக்கு. என்விவோல எடுத்துக்கிட்டா, ஒவ்வொரு ரோவும் ஒரு 'கேஸ்' ஆகும், அதாவது ஒரு ஆள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் (காலம்னு சொன்னா டைம்னு நினைச்சுடுவீங்க, அதான் நெடுவரிசை) நீங்க ஒரு முடிவு சொல்லணும். டிக் அடிச்ச கேள்வியா, எழுதின கேள்வியா? டிக் அடிச்சது அந்த ஆளோட குணமா ஒட்டிக்கும்: வயசு, வண்டி, அனுபவம். எழுதினது கோட் பண்ற டெக்ஸ்ட்டா உள்ள வரும். குவால்கோடர்லயும் இதே தத்துவம்தான். அங்க முதல் நெடுவரிசையில ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி அடையாளம் இருந்தாகணும். டைம்ஸ்டாம்ப்பை அதுக்குப் பயன்படுத்தாதீங்க, ரெண்டு பேர் ஒரே நொடியில அனுப்பலாம். ஆ-001, ஆ-002ன்னு நீங்களே ஒரு நெடுவரிசை போட்டுக்கோங்க.

இப்படி ஏத்தினதால என்ன கிடைச்சதுன்னு சொல்றேன். "மழையிலயும் நிறுத்த மாட்டேன்"கிற அர்த்தத்துல வந்த பதில்களுக்கு என் ஃப்ரெண்ட் ஒரு கோட் போட்டாங்க. அதை வண்டி சொந்தமா வாடகையாங்கிற குணத்தோட சேர்த்துப் பார்த்தாங்க. வார வாடகைக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்தவங்க பதில்கள்ல அந்த கோட் அடர்த்தியா விழுந்தது. மழை பெய்யுதுன்னு வாடகை நிக்காதே! சொந்த வண்டிக்காரங்க "ஓரமா நின்னுட்டு மழை விட்டதும் போவேன்"னு எழுதுறாங்க. இது ஒரு வாட்ஸ்அப் ஃபார்ம். சென்னை ரைடர்கள் எல்லாருக்கும் பொருந்தும்னு சொல்ல முடியாது. ஆனா அடுத்து யார்கிட்ட நேர்ல போய் என்ன கேட்கணும்னு அது காட்டிடுச்சு. வேர்ட் ஃபைல்ல ஒட்டியிருந்தா இது கண்ணுலயே பட்டிருக்காது.

எக்செல்லோட அதிகப்பிரசங்கித்தனம்

மணி நேரக் கேள்விக்கு அவங்க வெச்சிருந்த ஆப்ஷன்: 4-6, 6-8, 8-10, 10-12. எக்செல்ல திறந்தா "8-10" அக்டோபர் 8 ஆயிடுச்சு, "10-12" டிசம்பர் 10 ஆயிடுச்சு. யாரும் கேட்கலை, அதுவா பண்ணுது.

சிரிக்காதீங்க, மரபணு விஞ்ஞானிகளையே இது படாதபாடு படுத்தியிருக்கு. 'மார்ச்1', 'செப்ட்2'ன்னு சில ஜீன்களுக்குப் பேர் இருந்தது. எக்செல் அதையெல்லாம் தேதியா மாத்திக்கிட்டே இருந்ததால, 2020ல ஜீன்களோட பேரையே மாத்திட்டாங்க! ஆட்டோமேட்டிக்கா மாத்துறதை நிறுத்தி வைக்கிற வசதியை மைக்ரோசாஃப்ட் 2023லதான் குடுத்தது. நீங்க ஃபார்ம் போடும்போதே "8 முதல் 10 வரை"ன்னு எழுதிட்டா தொல்லையே இல்ல.

இன்னொண்ணு, கமா. ஒண்ணுக்கு மேல டிக் பண்ற கேள்வியில கூகுள் ஃபார்ம் எல்லாப் பதிலையும் ஷீட்ல ஒரே கட்டத்துல கமா போட்டுச் சேர்த்துக் குடுக்கும். உங்க ஆப்ஷனுக்குள்ளயே "மழை, வெள்ளம்"னு கமா இருந்தா, பிரிக்கும்போது அது ரெண்டு பதிலாயிடும். ஆப்ஷன்ல கமா வேண்டாம்.

பைத்தான்ல ஸ்கிரிப்ட் எழுதி சுத்தம் பண்ற என் ஜாதி ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஒருத்தர் பதில் எழுதும்போது நடுவுல என்டர் தட்டியிருப்பார். லைன் லைனா வெட்டினீங்கன்னா ஒரு ஆளு ரெண்டு ஆளாயிடுவார். சி.எஸ்.வி. படிக்கன்னே இருக்கிற லைப்ரரியைப் பயன்படுத்துங்க.

"ஒண்ணும் இல்ல"ங்கிறதும் பதில்தான்

காலியா விட்ட கட்டம் வேற, "ஒண்ணும் இல்ல"ன்னு எழுதின கட்டம் வேற. சுத்தம் பண்றோம்னு சொல்லி "இல்ல", "நில்", "என்.ஏ.", வெறும் கோடு எல்லாத்தையும் அழிச்சுடுவாங்க. பாண்டாஸ் லைப்ரரி கூட "என்.ஏ."ன்னு இங்கிலீஷ்ல இருந்தா அதுவா காலின்னு எடுத்துக்கும். அதை வேண்டாம்னு சொல்லித்தான் படிக்கணும்.

ஆப் நடத்துறவங்ககிட்ட என்ன சொல்வீங்கங்கிற கேள்விக்கு, "சொல்லி என்ன ஆகப்போகுது"ங்கிற தொனியில சில பதில்கள் இருந்தது. மென்பொருள் கண்ணுல அது தகவல் இல்லாத பதில். படிக்கிற மனுஷன் கண்ணுல, மொத்த சர்வேயிலயும் கனமான பதில் அதுதான். அதுக்குன்னு தனியா ஒரு கோட் போடுங்க.

தேடினா கிடைக்காத தமிழ்

ஏத்தியாச்சு. இப்போ "மழை"ன்னு தேடுறீங்க. "மழையில" கிடைக்கலாம். இங்கிலீஷ் எழுத்துல 'மழை'ன்னு அடிச்சவர் கிடைக்க மாட்டார். அதையே ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங்ல அடிச்சிருப்பாங்க. 'ரெயின்'னு எழுதினவரும் கிடைக்க மாட்டார். தமிழ்லயே இன்னொரு கூத்து இருக்கு. "போன்"ங்கிற சொல்லுல வர்ற ஓகாரத்தை ஒரே குறியாவும் சேமிக்கலாம், ரெட்டைச்சுழிக் கொம்பு, கால்னு ரெண்டு குறியாவும் சேமிக்கலாம். பார்க்க அச்சு அசலா ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு வேற வேற. ஏத்துறதுக்கு முன்னாடி என்.எஃப்.சி. முறையில எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துடுங்க, பைத்தான்ல ஒரு வரி.

வேர்ட் கிளவுட் அழகா இருக்கும், நம்பாதீங்க. மழை, மழையில, மழைக்கு, மழைன்னா எல்லாத்தையும் தனித்தனிச் சொல்லா எண்ணி, பெரிய பிரச்னையைச் சின்ன எழுத்துல காட்டிடும்.

நாங்க பண்ணது: "மொழி"ன்னு ஒரு நெடுவரிசை சேர்த்தோம். தமிழ், தங்கிலீஷ், இங்கிலீஷ். மொழிபெயர்ப்பு தேவைப்பட்ட இடத்துல பக்கத்துல தனி நெடுவரிசை. அசல் பதில் மேல யாரும் கை வைக்கலை. மொழி ஒரு குணமா உள்ள போனதாலதான், எந்த மொழியில எழுதினவங்க என்ன பேசுறாங்கன்னு கைடுகிட்ட காட்ட முடிஞ்சது. அவரும் பார்த்துட்டு, தமிழ்ப் பதில்களைச் சேர்த்தே எழுதச் சொல்லிட்டார்.

பேர், நம்பர் உள்ள போக வேண்டாம்

கடைசியா ஒண்ணு, ஆனா கடைசியா செய்ய வேண்டியது இல்ல. ஃபார்ம்ல ஈமெயில், போன் நம்பர் வாங்கியிருந்தா, ஏத்துறதுக்கு முன்னாடியே வெட்டி எடுத்துத் தனி ஃபைல்ல பூட்டி வைங்க. பிராஜெக்ட் ஃபைல் நாலு பேர் கைக்குப் போகும். பேர் இல்லாட்டியும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஒரு ஏரியாவுல ஒரே ஒரு பெண் ரைடர் இருந்தா, வயசும் ஏரியாவும் போதுமே? அந்த மாதிரி இடத்துல ஏரியாவைப் பொதுவா "தென் சென்னை"ன்னு மாத்திடுங்க. எழுதின பதிலுக்குள்ளயும் கடை பேர், தெரு பேர் ஒளிஞ்சிருக்கும். படிச்சுத்தான் எடுக்கணும்.

"ஏஐகிட்ட மொத்தமா குடுத்துடலாமே ப்ரோ"ன்னு கேப்பீங்க. ஒரே ஒரு கேள்வி: நீங்க ஃபார்ம்ல சம்மதம் வாங்கினப்போ, உங்க பதிலை வெளி கம்பெனி சர்வருக்கு அனுப்புவோம்னு சொன்னீங்களா? சொல்லலைன்னா அனுப்பாதீங்க.

சரி, மொத்தமா ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். அஞ்சு ரோ மட்டும் எடுங்க: ஒரு தமிழ், ஒரு தங்கிலீஷ், ஒரு காலிப் பதில், இருக்கிறதுலயே நீளமான பதில், ஷீட்டோட கடைசி ரோ. இந்த அஞ்சும் முழுசா, சரியான ஆளோட ஒட்டி உள்ள வந்தா, மீதியும் பெரும்பாலும் வரும். அசல் ஃபைலை ஒரு காப்பி எடுத்து, தொடாம வைங்க.

உங்க பிராஜெக்ட்ல டேட்டா ஏத்தும்போது எது காணாமப் போச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லதா ரெண்டு மூணை எடுத்து அடுத்த எபிசோட்ல பேசலாம். இன்டர்வியூ ஆடியோவைத் தமிழ்ல எழுத்தாக்குறது பத்தியும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அது லிஸ்ட்ல இருக்கு. இன்னைக்கு மழையில யாராவது உங்க வீட்டுக்கு சாப்பாடு கொண்டு வந்தா, வாசல்லயே நிக்க வைக்காதீங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.